லெஃப்ட் சைடு மட்டும் ஏன் கம்மியா கேக்குது?

(எபிசோடின் திருத்திய எழுத்து வடிவம். பேச்சில் வந்த இழுவைகளையும் ஒரே விஷயத்தைத் திரும்பச் சொன்ன இடங்களையும் மட்டும் எடுத்திருக்கோம்.)

மார்ச் மாசம் ரெண்டு எபிசோட் வரல. நிறைய பேர் மெயில்ல கேட்டிருந்தீங்க. ஆஃபீஸ்ல ரிலீஸ் டைம், வேலை ஜாஸ்தின்னு ஒரு வரியில பதில் போட்டேன். ரிலீஸ் இருந்தது உண்மை. ஆனா எபிசோட் வராததுக்குக் காரணம் அது இல்ல. காரணம் ஒரு ஹெட்ஃபோன். அதாவது, ஹெட்ஃபோன்ல ஆரம்பிச்சு வேற எங்கயோ போன ஒரு கதை. இப்ப கொஞ்சம் தெளிவானதால சொல்றேன்.

முதல்ல வாங்கின கதை. ஜனவரியில ஒரு நல்ல ஹெட்ஃபோன் வாங்கணும்னு முடிவு பண்ணேன். அதுவரைக்கும் இந்த ஷோவை எடிட் பண்ணினது எதுலன்னு தெரிஞ்சா சிரிப்பீங்க. மொபைலோட டப்பாவுல வந்த ஒயர் இயர்ஃபோன். ட்ரெயின்ல போக ஒரு ப்ளூடூத் ஹெட்ஃபோன் இருக்கு, நாய்ஸ் கேன்சலிங்லாம் உண்டு. ஆனா அதுல எடிட் பண்ண முடியாது. பட்டனை அழுத்தி கால் செகண்ட் கழிச்சுத்தான் சத்தம் வரும். ஒரு மூச்சுச் சத்தத்தை வெட்டலாம்னு பார்த்தா பாதி வார்த்தை போயிடும்.

பட்ஜெட் எல்லாம் சேர்த்து 30,000 ரூபாய். அம்மாகிட்ட 8,000னு சொன்னேன். இந்த எபிசோடை அவங்க கேக்க மாட்டாங்கன்னு நம்புறேன்.

ஹெட்ஃபோன் தேட ஆரம்பிச்சதும் முதல்ல வர்ற கேள்வி, மூடினதா திறந்ததா. மூடின வகையில காதுக்கு வெளியில இருக்கிற கிண்ணம் கெட்டியா இருக்கும். சத்தம் வெளிய போகாது, வெளிச்சத்தமும் உள்ள வராது. திறந்த வகை, அதாவது ஓப்பன் பேக்ல, அந்தக் கிண்ணத்துக்குப் பின்னாடி வெறும் வலை. காத்து ரெண்டு பக்கமும் போய் வரும். அதனால சத்தம் மண்டைக்குள்ள அடைஞ்ச மாதிரி இல்லாம, கொஞ்சம் தள்ளி வெளியில கேக்கற மாதிரி இருக்கும். பிரச்சினை என்னன்னா, நீங்க கேக்கற பாட்டு பக்கத்துல இருக்கறவங்களுக்கும் கேக்கும், அவங்க வீட்டு மிக்ஸி உங்களுக்கும் கேக்கும். ஆஃபீஸுக்கோ ட்ரெயினுக்கோ ஆகவே ஆகாது. நான் எடிட் பண்றது ராத்திரி பத்து மணிக்கு மேல, குரோம்பேட்டை வீட்ல, என் ரூம்ல. அதனால ஓப்பன் பேக் சரின்னு தோணுச்சு. ஆனா ஃபேனை மறந்துட்டேன். அதுக்கு அப்புறம் வர்றேன்.

சென்னையிலயே உட்கார்ந்து போட்டுக் கேக்க விடற கடைகள் இருக்கு. ஒரு சனிக்கிழமை போய் மூணு மணி நேரம் உட்கார்ந்தேன். அங்க இருந்த தம்பி ரொம்பப் பொறுமைசாலி. "ப்ரோ, எத்தனை நேரம் வேணும்னாலும் கேளுங்க, ஆனா வால்யூமை நானே செட் பண்றேன்"னு சொன்னார். ஏன்னு கேட்டேன். ரெண்டு ஹெட்ஃபோன்ல எது லேசா சத்தமா ஒலிக்குதோ, அதுதான் நல்ல ஹெட்ஃபோன்னு நம்ம காது முடிவு பண்ணிடுமாம். அதனால எல்லாத்தையும் ஒரே அளவு சத்தத்துக்குக் கொண்டு வந்தாத்தான் நியாயமா ஒப்பிட முடியும். மூணு மணி நேரத்துல நான் கத்துக்கிட்டதுல உருப்படியான விஷயம் இதுதான்.

கேட்டது நாலு. ஆடியோ டெக்னிக்கா எம்50எக்ஸ், மூடின வகை. பேஸ் நல்லா இருந்துச்சு, ஆனா ஏசி ரூம்லயே இருபது நிமிஷத்துல காது வேர்த்துடுச்சு, மே மாசம் நினைச்சுப் பார்க்க முடியல. பேயர்டைனமிக் டிடி 990 ப்ரோ, 'ஸ', 'ஷ' எல்லாம் ஊசி மாதிரி. சில பேருக்கு அந்தத் துல்லியம் பிடிக்கும், எனக்குப் பல் கூசுச்சு. ஹைஃபைமேன் சுந்தரா, இது பிளானர் வகை. சாதாரண ஹெட்ஃபோன்ல குட்டி ஸ்பீக்கர் மாதிரி ஒரு கூம்பும் சுருளும் இருக்கும். இதுல ஒரு மெல்லிய படலம், அது மேலயே மின்கம்பிப் பாதை, அதைக் காந்தங்கள் அசைக்கும். முதல் பத்து நிமிஷத்துல மனசைப் பறிச்சது இதுதான். கடைசியா சென்ஹைசர் எச்டி 600. இது 1997-ல வந்த மாடல். கிட்டத்தட்ட என் வயசு. பெரிய மாற்றம் இல்லாம இன்னும் வித்துக்கிட்டிருக்காங்க.

முதல் பத்து நிமிஷம் கேக்கும்போது நாலுல ரொம்பச் சாதாரணமா தெரிஞ்சது எச்டி 600 தான். பேஸ் அடிச்சுத் தூக்கல, எதுவும் மினுக்கல. இளையராஜாவோட 'ஹௌ டு நேம் இட்' போட்டேன். 1986-ல வந்த ஆல்பம், வி.எஸ். நரசிம்மன் வயலின். அப்பா கேசட்டா வெச்சிருந்தது, எனக்கு மனப்பாடம். எல்லாத்துலயும் நல்லாத்தான் இருந்துச்சு. அப்புறம்தான் ஒரு யோசனை வந்துச்சு. மொபைல்ல நம்ம ஷோவோட எடிட் பண்ணாத ரெக்கார்டிங் இருந்தது. என் குரல், எங்க வீட்டு ரூம், என் மைக். ஒரிஜினல் எப்படி இருக்கும்னு எனக்கு நிச்சயமா தெரிஞ்ச ஒரே சத்தம் அதுதான். ராஜா ஸ்டுடியோவுல என்ன கேட்டார்னு எனக்கு எப்படித் தெரியும்? என் ரூம்ல நான் பேசினா எப்படி இருக்கும்னு தெரியும். சுந்தராவுல என் குரல் என்னைவிட அழகா இருந்துச்சு. எச்டி 600-ல அது நான். அதை எடுத்துட்டு வந்துட்டேன்.

இங்க ஒரு விஷயத்தை நான் கவனிச்சும் விட்டுட்டேன். கடையில நாலு ஹெட்ஃபோன்லயும் சத்தம் லேசா வலது பக்கம் சாஞ்ச மாதிரி இருந்துச்சு. டெமோ பீஸ், பல பேர் போட்டுக் கழட்டினது, பேட் அமுங்கியிருக்கும்னு நினைச்சுக்கிட்டேன். நான் சாஃப்ட்வேர் வேலை பார்க்கிறவன். நாலு ப்ரௌசர்லயும் ஒரே பக் வந்தா தப்பு ப்ரௌசர்ல இல்லன்னு ஜூனியர் பசங்களுக்கு நானே சொல்லியிருக்கேன்.

சரி, வீட்டுக்கு வந்தாச்சு. முதல் வாரம் உண்மையைச் சொல்லணும்னா ஏமாற்றம். 300 ஓம் ஹெட்ஃபோன், ஆம்ப்ளிஃபையர் இல்லாம ஓடவே ஓடாதுன்னு எல்லா இடத்துலயும் எழுதியிருந்ததால ஒரு சின்ன டாக் ஆம்ப்பும் வாங்கியிருந்தேன். தேவையே இல்ல. ஆப்பிள் டாங்கிள்ல போட்டாலே எனக்குப் போதுமான சத்தம் வந்தது, கொஞ்சம் சாஃப்ட்டா பதிவான கச்சேரி மாதிரி விஷயத்துக்கு மட்டும் பத்தாது. இதை வாங்கறதுக்கு முன்னாடி கணக்குப் போட்டுப் பார்த்திருக்கலாம். ஓம் எவ்வளவுங்கறதைவிட ஒரு வோல்ட்டுக்கு எத்தனை டெசிபெல்ங்கறதுதான் முக்கியம். இந்த மாடலுக்கு அது 97. அந்த டாங்கிளே ஒரு வோல்ட் கிட்ட கொடுக்கும்.

அப்புறம் பிடி. புதுசுல இந்த ஹெட்ஃபோன் மண்டையை இறுக்கும். நான் கண்ணாடி போடறவன், கண்ணாடிக் கம்பி காதுக்கு மேல பதிஞ்சு ஒரு மணி நேரத்துல வலி. ராத்திரி தூங்கப் போகும்போது என் பழைய இன்ஜினியரிங் புஸ்தகம் நாலை அடுக்கி அதுல மாட்டி விட்டேன். பத்து நாள்ல தளர்ந்துடுச்சு. நாலு வருஷம் படிச்சதுல அந்தப் புஸ்தகம் பயன்பட்ட இடம் இதுதான்னு நண்பன் கிண்டல் பண்ணான்.

ஃபேன். ஜனவரிங்கறதால முதல் சில நாள் ஃபேன் இல்லாம ஓட்டினேன். பிப்ரவரி பாதியில முடியல. ஓப்பன் பேக் போட்டுக்கிட்டா ஃபேன் சத்தம் அப்படியே காதுக்குள்ள. அதுக்கு மேல பாட்டு கேக்கணும்னா வால்யூமை ஏத்தணும். ஏத்தினேன். இதை ஞாபகம் வெச்சுக்கோங்க.

புது ஹெட்ஃபோனை நூறு மணி நேரம் ஓட விட்டாத்தான் சத்தம் 'திறக்கும்'னு ஒரு நம்பிக்கை இருக்கு. நானும் முதல்ல ரெண்டு ராத்திரி அலமாரியில வெச்சு ஓட விட்டேன். என் நண்பன்கிட்ட இதே மாடல் மூணு வருஷப் பழசு இருக்கு. ரெண்டையும் மாத்தி மாத்திக் கேட்டேன். வித்தியாசம் இருந்துச்சு, அவனோடது மந்தமா இருந்தது. அப்புறம் பேடை மட்டும் மாத்திப் போட்டோம், மந்தமும் பேடோட சேர்ந்து இடம் மாறிடுச்சு. பஞ்சு அமுங்கினதுதான் வித்தியாசம். பழகினது ஹெட்ஃபோன் இல்ல, நான்தான். பேஸும் ட்ரெபிளும் ஏத்தி விட்ட சத்தத்தையே பத்து வருஷமா கேட்ட மூளை, ஏத்தாத சத்தத்தைக் கேட்டா 'ஏதோ குறையுது'ன்னு சொல்லும். மூணாவது வாரம் பழைய இயர்ஃபோனைப் போட்டுப் பார்த்தேன், அண்டாவுக்குள்ள உட்கார்ந்து கேக்கற மாதிரி இருந்துச்சு. அப்ப தெரிஞ்சது பழகிட்டேன்னு.

ஆனா ஒண்ணு மட்டும் பழகவே இல்ல. அந்த வலது பக்கச் சாய்வு.

முதல்ல மொத்தமா சாயுதுன்னுதான் நினைச்சேன். உட்கார்ந்து கவனிச்சா அப்படி இல்ல. பேஸ் கிட்டார் நட்ட நடுவுல. பாடற குரலும் நடுவுல. ஆனா சலங்கை, ஷேக்கர், ஹை-ஹேட், இந்த மாதிரி மேல் ஸ்தாயிச் சத்தம் எல்லாம் வலது பக்கம் ஒரு இன்ச் தள்ளி. என் குரல் ரெக்கார்டிங் மோனோ, ரெண்டு பக்கமும் ஒரே சிக்னல், சாயறதுக்கு வழியே இல்ல. அதுல 'அ', 'ஆ' நடுவுல கேக்குது, 'ச' மட்டும் வலது பக்கம் போய்ட்டு வருது. ஒரே வார்த்தை ரெண்டு இடத்துல இருந்து வர்ற மாதிரி.

லெஃப்ட் டிரைவர் பழுதுன்னு முடிவு பண்ணி, கடைக்கு ரிட்டர்ன் மெயில் டைப் பண்ணிட்டேன். அனுப்பறதுக்கு முன்னாடி ஒரு டெஸ்ட் பண்ணிடலாம்னு ஹெட்ஃபோனைத் திருப்பிப் போட்டேன். இடது கிண்ணம் வலது காதுல, வலது கிண்ணம் இடது காதுல. ஹெட்ஃபோன்ல பழுதுன்னா இப்ப சாய்வு இடது பக்கம் வரணும்.

வரல. 'ச' அதே வலது பக்கம்தான்.

கேபிளை மாத்தினேன். ஆம்ப்பை விட்டுட்டு லேப்டாப்ல நேரா போட்டேன். பழைய இயர்ஃபோனை இடம் மாத்திப் போட்டேன். எது மாறினாலும் சாய்வு மாறல. எல்லா டெஸ்ட்லயும் மாறாம இருந்த ஒரே பொருள் என் தலை. ராத்திரி ஒரு மணி. டைப் பண்ணின மெயிலை டெலீட் பண்ணிட்டு, லைட்டை அணைச்சுட்டுப் படுத்தேன். தூக்கம் வரல.

அப்ப ஒவ்வொண்ணா ஞாபகம் வருது. அம்மா சமையல்கட்டுல இருந்து கூப்பிடுவாங்க, "டேய், மூணு தடவ கூப்பிட்டாச்சு, காது என்ன செவிடா"ம்பாங்க. எல்லா அம்மாவும் சொல்றதுதானேன்னு விட்டிருக்கேன். ஆஃபீஸ் கேன்டீன்ல நான் எப்பவும் வரிசையோட இடது ஓரத்துல போய் உட்காருவேன், எல்லாரும் எனக்கு வலது பக்கம் வர்ற மாதிரி. ஏன்னு யோசிச்சதே இல்ல.

காதுல அழுக்கு அடைச்சிருக்கும்னு ஒரு நம்பிக்கையோட இ.என்.டி டாக்டர்கிட்ட போனேன். கொஞ்சம் இருந்தது, எடுத்தார். வெளிய வந்து பார்க்கிங்லயே நின்னு மொபைல்ல அந்த மோனோ ரெக்கார்டிங்கைப் போட்டுக் கேட்டேன். அதே சாய்வு. திரும்ப உள்ள போய்ச் சொன்னேன். ஆடியோகிராம் எடுத்துட்டு வரச் சொன்னார்.

ஆடியோகிராம் எடுக்காதவங்களுக்குச் சொல்றேன், பயப்பட ஒண்ணும் இல்ல. சத்தம் வராத ஒரு குட்டி அறை. காதுல ஹெட்ஃபோன் மாட்டிவிடுவாங்க, கையில ஒரு பட்டன். பீப் கேட்டா அழுத்தணும். 250 ஹெர்ட்ஸ்ல இருந்து 8,000 ஹெர்ட்ஸ் வரைக்கும் ஒவ்வொரு ஸ்தாயியிலயும் உங்களுக்குக் கேக்கற மிகச் சின்னச் சத்தம் எதுன்னு கண்டுபிடிப்பாங்க. வலது காது முடிஞ்சு இடது காதுக்கு வந்தப்ப, நடுவுல ரொம்ப நேரம் பீப்பே வரல. அந்த மேடம் ஏதோ எழுதறாங்களோன்னு கண்ணாடி வழியா பார்த்தேன். அவங்க என்னைத்தான் பார்த்துக்கிட்டிருந்தாங்க. பீப் வந்துக்கிட்டுத்தான் இருந்திருக்கு.

வலது காது எல்லா இடத்துலயும் 10, 15 டெசிபெல். நார்மல். இடது காது 2,000 வரைக்கும் அதே. 4,000 ஹெர்ட்ஸ்ல 40-க்கு இறங்கி, 8,000-ல திரும்ப 20-க்கு ஏறுது. கிராஃப்ல பார்த்தா ரோட்ல ஒரு பள்ளம் மாதிரி. அந்த 4,000 பக்கத்துப் பள்ளம்தான் சத்தத்தால பாதிச்ச காதோட வழக்கமான அடையாளம்னு அந்த மேடம் சொன்னாங்க. உள்காதுல சத்தத்தை நரம்புக்குக் கொண்டு போற மயிர்ச் செல்கள் இருக்கு. அதுல அந்தப் பகுதிதான் முதல்ல அடி வாங்குமாம். மனுஷனுக்கு அந்தச் செல் போனா திரும்ப முளைக்காது.

"தம்பி, ஃபேக்டரியில வேலை பார்க்கறீங்களா? வேட்டுச் சத்தம் ஏதாவது?"ன்னு கேட்டாங்க. இல்ல மேடம், ஐ.டி.ன்னேன். "இயர்ஃபோன் போடுவீங்களா?"ன்னாங்க. போடுவேன், ஆனா ரெண்டு காதுலயும்தானே போடறேன், ஒண்ணு மட்டும் எப்படின்னு கேட்டேன். கேட்டு முடிக்கும்போதே எனக்குப் பதில் தெரிஞ்சுடுச்சு.

2019-ல வேலைக்குச் சேர்ந்தேன். நாலு வருஷம் ஸ்கூட்டர். குரோம்பேட்டையில இருந்து பல்லாவரம், ரேடியல் ரோடு, துரைப்பாக்கம், ஓ.எம்.ஆர். போக ஒரு மணி, வர ஒரு மணி. ஹெல்மெட்டுக்குள்ள ஒரு காதுல மட்டும் இயர்பட். எந்தக் காது? நம்ம ஊர்ல வண்டி வலது பக்கத்துல இருந்துதான் முந்தும், அதனால வலது காது காலியா இருக்கணும், இடது காதுல பாட்டு. ரொம்பப் பாதுகாப்பா யோசிச்சதா எனக்கு நானே முதுகுல தட்டிக்கிட்டிருந்தேன். டிப்பர் லாரிக்கு நடுவுல அந்தப் பாட்டு கேக்கணும்னா வால்யூம் எங்க இருக்கணும்? எப்பவும் கடைசிக் கோட்டுல இருக்கும். அது மட்டும்தான் காரணம்னு டாக்டர் அடிச்சுச் சொல்லல. சொல்லவும் முடியாது. ஆனா இந்தக் கதையைக் கேட்டதும் பேனாவை வெச்சுட்டு ஒரு நிமிஷம் என்னையே பார்த்தார்.

ஒரு காது மட்டும் இப்படின்னா அதை சாதாரணமா விட மாட்டாங்க. வேற எதுவும் இல்லன்னு உறுதி பண்ணிக்க எம்.ஆர்.ஐ எடுக்கச் சொன்னார். 'வேற எதுவும்'ங்கறதுக்கு என்ன அர்த்தம்னு ராத்திரி தேடிப் பார்த்தேன். தேடியிருக்கக் கூடாது. ஸ்கேன் எடுத்து ரிசல்ட் வர்ற வரைக்கும் வீட்ல சொல்லல. மைக்கை ஆன் பண்ணி உட்காருவேன், பேச வராது. அந்த ரெண்டு எபிசோட் போனது அப்பதான். ரிசல்ட்ல ஒண்ணும் இல்ல. அன்னைக்கு அம்மாகிட்ட சொன்னேன். அவங்க அழல, திட்டவும் இல்ல. "நான் இத்தன வருஷமா செவிடா செவிடான்னு திட்டிட்டேனேடா"ன்னாங்க. அது வேற மாதிரி வலிச்சுது.

என் முதல் யோசனை, ஒரு இன்ஜினியருக்கு வர்ற யோசனைதான். இடது பக்கம் 4,000-ல மட்டும் 25 டெசிபெல் ஏத்தி ஒரு ஈக்வலைசர் போட்டா சரியாயிடுமே! மேடம்கிட்ட பெருமையா சொன்னேன். "அடிபட்ட இடத்துலயே இன்னும் சத்தமா அடிக்கப் போறீங்களா?"ன்னு கேட்டாங்க. அதோட அந்த யோசனை முடிஞ்சுது.

அடுத்து நான் எவ்வளவு சத்தமா கேக்கறேன்னு அளக்கணும்னு தோணுச்சு. ஒயர் ஹெட்ஃபோன், வெளி ஆம்ப், அதனால மொபைல் டெசிபெல் காட்டாது. ரிச்சி ஸ்ட்ரீட்ல ஒரு மல்டிமீட்டர் வாங்கினேன். ஒரு ஸ்ப்ளிட்டர் கேபிள், ஒரு பக்கம் ஹெட்ஃபோன், இன்னொரு பக்கம் மீட்டர். 60 ஹெர்ட்ஸ் சைன் வேவ் ஒண்ணை முழு அளவுல ஓட விட்டேன், சாதாரண மீட்டர் அந்த ஃப்ரீக்வென்சியை ஒழுங்கா அளக்கும். இதைப் பண்றவங்க, அந்த நேரம் ஹெட்ஃபோனைத் தலையில போட்டுக்காதீங்க. ஆம்ப்போட குமிழ், ஃபேனுக்கு மேல பாட்டு கேக்க நான் வழக்கமா வெக்கற இடத்துல. மீட்டர் காட்டினது 1.4 வோல்ட்.

ஒரு வோல்ட்டுக்கு 97 டெசிபெல்னா, 1.4 வோல்ட்டுக்கு 100. அது உச்சம். இப்ப வர்ற பாட்டோட சராசரிச் சத்தம் அதுக்கு ஒரு பத்து டெசிபெல் கீழ இருக்கும்னு வெச்சுக்கலாம். ஆக 90. உலக சுகாதார நிறுவனத்தோட கணக்குப்படி 80 டெசிபெல்ல வாரத்துக்கு 40 மணி நேரம் கேக்கலாம். மூணு டெசிபெல் ஏற ஏற நேரம் பாதிப் பாதியா குறையும். 90-க்கு எவ்வளவு தெரியுமா? வாரத்துக்கு 4 மணி நேரம். நான் ஒரு ராத்திரிக்கே மூணு மணி நேரம் கேட்டுக்கிட்டிருந்தேன். அதுவும் ஸ்கூட்டர் பழக்கத்தையெல்லாம் விட்டுட்டு, ஒழுங்கா வீட்ல உட்கார்ந்து, நல்ல ஹெட்ஃபோன்ல. நல்ல ஹெட்ஃபோன்ல சத்தம் உடையாது, குத்தாது. அதனால ஏத்தறது தெரியவே தெரியாது. மோசமான இயர்ஃபோன் ஒரு கட்டத்துல கரகரன்னு கத்தி நம்மளை நிறுத்தும். இது நிறுத்தாது.

குமிழை 0.3 வோல்ட் வர்ற இடத்துக்கு இறக்கினேன். சராசரி 76 டெசிபெல் வரும். அந்த இடத்துல ஒயிட் மார்க்கர்ல ஒரு புள்ளி வெச்சேன். புள்ளியைத் தாண்டக் கூடாது. எடிட் பண்ணும்போது ஃபேன் கிடையாது, ஜன்னல் பக்கம் உட்காருவேன், வேர்த்தா பதினஞ்சு நிமிஷத்துக்கு ஒரு தடவ ஹெட்ஃபோனைக் கழட்டி வெச்சுட்டு ஃபேன். ஏப்ரல், மே ரெண்டு மாசமும் இப்படித்தான் ஓடுச்சு. நீங்க கேட்ட எபிசோட் எல்லாம் துண்டை இடுப்புல கட்டிக்கிட்டு எடிட் பண்ணது.

புது ஹெட்ஃபோனுக்குப் பழகினதை விட இதுக்குப் பழகறதுதான் கஷ்டமா இருந்துச்சு. முதல் நாள் பாட்டு செத்துப் போன மாதிரி இருந்தது. அடுத்த ரூம்ல ஓடற மாதிரி. ரெண்டு தடவ புள்ளியைத் தாண்டினேன், ஒத்துக்கறேன். பத்து நாள் கிட்ட ஆச்சு. ஒரு ராத்திரி 'ஹௌ டு நேம் இட்' கேட்டுக்கிட்டிருந்தப்ப, வில் தந்தியில படறதுக்கு முன்னாடி வர்ற அந்தச் சின்ன உரசல் கேட்டுச்சு. குமிழைப் பார்த்தேன், புள்ளிக்குக் கீழ இருந்தது. அவ்வளவு சின்னச் சத்தத்துல அவ்வளவு விஷயம் கேக்குதுன்னா, 30,000 ரூபாய் வசூல். அந்த உரசலும் வலது பக்கம்தான் கேட்டுச்சு. அது இனிமே அப்படித்தான்.

இப்ப உங்க சம்பந்தப்பட்ட விஷயம். நம்ம ஷோவோட இன்ட்ரோ மியூசிக், முதல் எபிசோட்ல இருந்து வர்றது, நானே மிக்ஸ் பண்ணது. ஆரம்பத்துல ஒரு நண்பன், "மச்சான், கார்ல போட்டா அந்த ஷேக்கர் ஏன்டா டிரைவர் சீட் எதிர்ப்பக்கமே இருக்கு"ன்னு கேட்டிருந்தான். உன் கார் ஸ்பீக்கர் சரியில்லன்னு சொல்லிட்டேன். போன மாசம் அந்தப் பழைய ப்ராஜெக்ட் ஃபைலைத் திறந்து பார்த்தேன். ஷேக்கர் டிராக் இடது பக்கம் நல்லாவே தள்ளி வெச்சிருக்கு. எனக்கு நடுவுல கேக்கற வரைக்கும் தள்ளியிருக்கேன். கண்ணு முன்னாடி மீட்டர் இருந்தது, அதுல இடது பக்கம் ஏறி இறங்கறது தெளிவா தெரியும், ஆனா காது சொன்னதை நம்பினேன். அந்த ஃபைலோட தேதி 2022. அப்பவே ஆரம்பிச்சிருக்கு.

அந்த நண்பன்கிட்ட மன்னிப்புக் கேட்டாச்சு. இப்பல்லாம் எடிட் முடிஞ்சதும் ஹெட்ஃபோனைத் திருப்பிப் போட்டு ஒரு தடவ கேக்கறேன், மீட்டரைப் பார்க்கறேன், ஸ்டீரியோவா ஏதாவது இருந்தா அவனுக்கு அனுப்பிடறேன். கார்ல கேட்டுட்டு "ஓகே"ன்னு ஒரு மெசேஜ் போடுவான்.

போன வாரம் ஆறு மாசம் கழிச்சு மறுபடியும் ஆடியோகிராம் எடுத்தேன். அதே 40. ஏறவும் இல்ல, இறங்கவும் இல்ல. இதுதான் நல்ல செய்தின்னு டாக்டர் சொன்னார். அடுத்தது மார்ச்ல. உங்கள்ல யாருக்காவது திடீர்னு, அதாவது ஒரே நாள்ல, ஒரு காது கேக்காம போச்சுன்னா, ஹெட்ஃபோனைத் திருப்பிப் போட்டெல்லாம் பார்க்க வேண்டாம், அன்னைக்கே டாக்டரைப் பாருங்க. அதுக்கு நாள் கணக்கு முக்கியம்னு அவர் தனியா சொல்லி அனுப்பினார்.

இந்த எபிசோட்ல இருந்து இன்ட்ரோ மியூசிக்கை மாத்தியிருக்கேன். ஷேக்கர் இப்ப நடுவுல இருக்கு. அப்படின்னு மீட்டர் சொல்லுது. எனக்கு அது வலது பக்கம் கேக்குது. உங்களுக்கு எங்க கேக்குதுன்னு மெயில் பண்ணுங்க. அடுத்த வாரம் பார்க்கலாம்.